டைப்-சி தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

"இந்த டைப்-சி வந்ததிலிருந்தே தொல்லைதான்" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் என் மேசைக்குப் பொருளைக் கொண்டுவருகிறார்கள். ஒரு பக்கமாகச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறுவதில்லை. ஒரு சார்ஜருக்கு ஒத்துப்போகிறது, இன்னொன்றுக்கு மசிவதில்லை. கோபம் நியாயமானதுதான், ஆனால் அதை டைப்-சி மேல் காட்டுவது சரியில்லை. 2014 ஆகஸ்டில் வெளிவந்த அந்தத் தரநிலையைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்கள் எவ்வளவு அக்கறையாக யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்ய வேண்டும். 10,000 தடவை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும். தேய்மானம் போனுக்கு வராமல் கேபிளுக்கு வர வேண்டும் என்பதற்காக ஸ்பிரிங்குகளைக் கேபிள் முனைக்குள் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் மாற்றுவதற்கு மலிவானது கேபிள்தான்.

பழுதாகி வரும் பொருளைத் திறந்து பார்த்தால் கதை வேறு. தயாரிக்கும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை விட்டிருப்பார்கள், செம்பைக் குறைத்திருப்பார்கள், முலாமை மெலிதாகப் பூசியிருப்பார்கள். எங்கே கைவைத்தார்கள் என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

நிச்சயமாக நல்லது என்று தெரிந்த ஒரு கேபிளும் ஒரு சார்ஜரும் தனியாக எடுத்து வையுங்கள். போனோடு பெட்டியில் வந்தவை போதும். இவற்றை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள், இவைதான் உங்கள் அளவுகோல். அப்புறம் ஒரு மல்டிமீட்டர், கேபிளுக்கு இடையில் செருகி வோல்ட்டும் ஆம்பியரும் பார்க்கும் சின்ன யூஎஸ்பி மீட்டர், ஒரு டார்ச், ஒரு மரப் பல்குத்தி. கொஞ்சம் ஆழமாகப் போக விரும்பினால், டைப்-சியின் ஒவ்வொரு பின்னையும் தனித்தனி ஓட்டையாக வெளியே கொண்டுவந்து தரும் பிரேக்அவுட் போர்டு ஒன்று. சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் கேபிள், பிறகு சார்ஜர், கடைசியாகச் சாதனம். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதில் கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். டைப்-சியில் 24 பின்கள். கரண்ட் போவது நான்கில், அது திரும்பி வரும் தரை (கிரவுண்ட்) நான்கில். ஆனால் யார் யாருக்குக் கரண்ட் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சு நடப்பது சிசி என்ற ஒற்றைக் கம்பியில். வாங்கும் சாதனம் தன் சிசி பின்னிலிருந்து தரைக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருக்க வேண்டும். சார்ஜர் அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மின்சாரத்தைத் திறந்துவிடும். அதுவரை டைப்-சி சார்ஜரின் வாயில் 5 வோல்ட்கூட இருக்காது. அது ஒரு பாதுகாப்பு. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்தப் பேச்சு நடக்காததால் வருபவை.

பழைய ஏ முனைக் கேபிளில் ஏறுகிறது, இருபுறமும் சி உள்ள கேபிளில் ஏறவே இல்லை

ஏ முனை என்றால் பழைய அகலமான செவ்வக யூஎஸ்பி முனை. டிரிம்மர், கழுத்து விசிறி, சார்ஜ் லைட், குழந்தைகளின் பொம்மை ஆகியவற்றில் அதிகம் வரும் புகார் இதுதான். சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்குவார்கள், அதிலும் ஏறாது.

போன மழைக்காலத்தில் ஒரு சார்ஜ் லைட் இப்படி வந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி போர்டை லென்ஸுக்குக் கீழே வைத்தேன். டைப்-சி போர்ட்டுக்குப் பின்னால் வெள்ளை மையில் ஆர்3, ஆர்4 என்று அச்சடித்து இரண்டு ரெசிஸ்டருக்கு இடம் விட்டிருந்தது. சிசி பின்னிலிருந்து செம்புத் தடம் அழகாக அந்த இடம்வரை வந்து நின்றது. ரெசிஸ்டர் இல்லை. ஈயம்கூடப் படாமல் இரண்டு இடமும் பளபளவென்று காலியாக இருந்தன. வரைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். பொருத்த வேண்டிய இடத்தில் அந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு கடுகளவுகூட இருக்காது, விலையும் சில காசுகள்தான்.

ஏ முனைக் கேபிளில் மட்டும் ஏன் ஏறுகிறது? பழைய ஏ போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் திறந்தே இருக்கும், யாரையும் கேட்காது. அதனால்தான் இந்தப் பொருள்களோடு பெட்டியில் ஏ முனைக் கேபிளையே வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கேபிளில் சோதித்தால் குறை வெளியே தெரியாது.

உறுதிப்படுத்த, பிரேக்அவுட் போர்டைச் சாதனத்தில் செருகி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சிசி1 முதல் தரைவரை, அப்புறம் சிசி2 முதல் தரைவரை பாருங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் 5.1 கிலோ ஓமுக்குப் பக்கத்தில் வந்தால் இந்தக் கோளாறு இல்லை. இரண்டிலும் ஒன்றுமே காட்டாவிட்டால் ரெசிஸ்டர் விடுபட்டிருக்கிறது. சால்டரிங் கை பழகியவர்கள் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தாங்களே வைத்துவிடலாம். கால் மணி நேர வேலை. ஆனால் இரண்டு பின்னுக்கும் தனித்தனியாக வையுங்கள், ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்து இணைக்கக் கூடாது. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டின் முதல் பதிப்பில் அப்படித்தான் ஒரே ரெசிஸ்டரைப் பங்குபோட்டிருந்தார்கள். சிப் உள்ள நல்ல கேபிளைச் செருகினால் சார்ஜர் அந்தப் போர்டை ஹெட்போன் என்று நினைத்துக் கரண்டே விடவில்லை. அடுத்த போர்டு பதிப்பில் திருத்தினார்கள். அது வரைபடத்திலேயே நேர்ந்த பிழை, தயாரிப்புப் பிழை இல்லை. இருந்தாலும் அந்த இரண்டு ரெசிஸ்டர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

சால்டரிங் வேண்டாம் என்றால் ஏ முனைச் சார்ஜரிலேயே பயன்படுத்துங்கள். ஆபத்து ஒன்றும் இல்லை.

ஒரு பக்கம் செருகினால்தான் ஏறுகிறது

நல்ல கேபிளை வைத்து, சாதனத்தின் பக்கம் மட்டும் திருப்பித் திருப்பிச் செருகிப் பாருங்கள். கேபிளுக்குள் சிசி கம்பி ஒன்றே ஒன்றுதான். ஒரு பக்கம் செருகும்போது அது போர்ட்டின் சிசி1ஐத் தொடும், திருப்பினால் சிசி2ஐத் தொடும். ஆக எந்தக் கேபிளைப் போட்டாலும் ஒரே பக்கத்தில்தான் ஏறுகிறது என்றால் சிக்கல் போர்ட்டில் இருக்கிறது. குப்பை இல்லை என்று டார்ச் அடித்து உறுதி செய்யுங்கள். குப்பை இல்லையென்றால் ஒரு சிசி பின்னின் ஈயம் விட்டிருக்கும், அல்லது ஒரு பக்கத்துக்கு ரெசிஸ்டரே வைத்திருக்க மாட்டார்கள். மேலே சொன்ன ஓம் சோதனையில் ஒரு பக்கம் 5.1 வரும், மறுபக்கம் வராது. ஈயம் சரியாகப் பிடிக்காத டிரை சால்டர் என்றால் பிளக்ஸ் போட்டு ஒரு தடவை சூடு காட்டினால் போதும்.

குறிப்பிட்ட ஒரு கேபிளில் மட்டும் இப்படி வந்தால், அதன் முனைக்குள் ஒரு வரிசைப் பின்கள் அமுங்கியிருக்கும். அதைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

சார்ஜ் இரு பக்கமும் ஏறி, டேட்டா மட்டும் ஒரு பக்கத்தில் வரவில்லை என்றால் இதே கதைதான், பின் மட்டும் வேறு. டேட்டாக் கம்பிகள் போர்ட்டில் இரண்டு வரிசையிலும் வந்து போர்டில் ஒன்றுசேர வேண்டும். ஒரு வரிசையில் ஈயம் பிடிக்கவில்லை.

மெதுவாக ஏறுகிறது

இதில் கணக்கு கொஞ்சம் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

கேபிளின் உறையைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் கம்பியின் பருமன் அச்சடித்திருக்கும்: டேட்டாவுக்கு 28 கேஜ் ஒரு ஜோடி, கரண்டுக்கு 24 கேஜ் இரண்டு என்பதுபோல. எண் கூடக் கூடக் கம்பி மெலிதாகும். 28 கேஜ் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், எனவே ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜரில் 5 வோல்ட், போனில் 4.15. போன் உடனே இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். இதுவே 24 கேஜ் என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். தரநிலையும் சும்மா விட்டுவிடவில்லை: கரண்ட் போகும் வழியில் 0.5 வோல்ட், தரை வழியில் 0.25 வோல்ட், அதற்கு மேல் இழக்கக் கூடாது என்று எல்லை போட்டிருக்கிறது.

யூஎஸ்பி மீட்டரை முதலில் சார்ஜர் பக்கம் வைத்து வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு போன் பக்கம் வையுங்கள். இரண்டு தடவையும் ஆம்பியர் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் முக்கால் வோல்ட்டைத் தாண்டினால் கேபிள்தான் குற்றவாளி.

உறையில் 24 என்று போட்டிருந்தும் இழப்பு அதிகமாக இருந்தால்? அப்படி ஒரு கேபிளை வெட்டிப் பார்த்திருக்கிறேன். இழைகள் செம்பு நிறத்தில்தான் இருந்தன. ஒரு இழையைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினேன். செம்பு தோல்போல உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கம்பி. அதே பருமனில் அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மடக்கினால் சீக்கிரம் ஒடியவும் செய்யும்.

மடிக்கணினி "மெதுவான சார்ஜர்" என்று எச்சரித்தால் அது வேறு. இருபுறமும் சி உள்ள சாதாரணக் கேபிளில் 3 ஆம்பியர்தான் அனுமதி, 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக, "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொல்லும் சின்ன சிப் கேபிள் முனைக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் 100 வாட் என்று அச்சடித்துவிட்டுச் சிப் வைக்காத கேபிளை மாட்டினால் சார்ஜர் 60இலேயே நிற்கும். பணம் நஷ்டம், பொருளுக்குக் கேடில்லை. தரநிலை அங்கே உங்களைக் காப்பாற்றிவிட்டது. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்கு எதிர்மாறானதற்கு: சிப் 5 ஆம்பியர் என்று சொல்லும், உள்ளே கம்பி அதற்குத் தாங்காது. சார்ஜர் அந்தச் சொல்லை நம்பி முழுக் கரண்டையும் அனுப்பிவிடும். அந்தக் கேபிள் அடுத்த தலைப்புக்கு உரியது.

கேபிள் சுடுகிறது, அல்லது முனை மட்டும் சுடுகிறது

இரண்டும் ஒன்றல்ல. கேபிளின் நடுவில் கையை வையுங்கள், பிறகு முனையைத் தொடுங்கள். நீளம் முழுக்க ஒரே மாதிரி சுட்டால் கம்பி மெலிது. நடுவில் குளிர்ந்து முனை மட்டும் கொதித்தால் பின்கள் சரியாகத் தொடவில்லை.

5 ஆம்பியரை நான்கு பின்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஆளுக்கு 1.25. புதுப் பின் ஒன்றின் தொடு தடை 0.04 ஓமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தக் கணக்கில் நான்கும் சேர்ந்து கால் வாட்தான் சூடாகும். மூன்று பின்கள் தொடாமல் போய், மிச்சமிருக்கும் ஒன்றும் தேய்ந்து 0.1 ஓம் ஆகிவிட்டால், அந்த ஒற்றைப் பின்னில் 2.5 வாட். நகத்தளவு இடத்துக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில். முழு லோடிலும் சூடு சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று தரநிலை சொல்கிறது. 2.5 வாட் ஒரே பின்னில் இறங்கினால் அந்த வரம்பு நிற்காது.

லென்ஸ் வைத்து முனைக்குள் பாருங்கள். பின்கள் மேல் தங்க நிறம் முழுசாக இருக்க வேண்டும். நடுவில் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் தங்க முலாம் போய் நிக்கல் வந்துவிட்டது. பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் அதுவும் போய்ச் செம்பே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கடற்கரை ஊர்களில், வியர்வை படும் சட்டைப்பையில், மெலிதாகப் பூசிய முலாம் இப்படித்தான் போகும்.

பழுப்பு நிறமோ கருகிய வாடையோ இருந்தால் சோதனையே வேண்டாம், உடனே உருவிவிடுங்கள். கரண்ட் பின்னுக்கு அடுத்த வீட்டுக்காரர் சிசி பின். மையத்துக்கு மையம் அரை மில்லிமீட்டர். கருகிய பிளாஸ்டிக் அந்த இடைவெளியில் பாலம் போட்டால் 20 வோல்ட் நேராகப் பேச்சுக் கம்பிக்குள் இறங்கும். அந்தக் கம்பியில் பேசும் சாதனத்துச் சிப் பெரும்பாலும் அவ்வளவு வோல்ட்டைத் தாங்காது. அப்புறம் போர்டு வேலைதான்.

ஆடுகிறது, கை பட்டால் விட்டுவிடுகிறது

பத்துக்கு ஆறு ஏழு தடவை இது வெறும் பஞ்சுதான். சட்டைப்பை நூல்தூசி உள்ளே அழுந்தி அடிவரை போக விடாது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் ஓரமாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடவே கூடாது. நடுவில் இருக்கும் நாக்கு மெலிது.

சுத்தம் செய்தும் ஆடினால் புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். புதுக் கேபிள் இறுக்கமாக நின்றால் பழையதன் பக்கவாட்டு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அது தேய்வதற்காகவே வைத்தது. ஆனால் நான்கு மாதத்தில் தேயக் கூடாது. புதுக் கேபிளை உருவ குறைந்தது 8 நியூட்டன் விசை தேவை என்பது விதி, அதாவது ஏறக்குறைய 800 கிராம் எடை. 10,000 தடவைக்குப் பிறகும் 6 நியூட்டனுக்குக் கீழே இறங்கக் கூடாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: மெத்தைக்கு மேலே போனைக் கேபிளில் தொங்கவிடுங்கள். போன் 200 கிராம் சொச்சம்தான். புதுக் கேபிள் அதைக்கூடத் தாங்காமல் நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முனையின் உலோகக் கூட்டையும் கவனியுங்கள். நல்லதில் அது ஒரே துண்டாக இழுத்துச் செய்தது, தையல் தெரியாது. மலிவானதில் தகட்டை மடித்து ஒட்டிய கோடு தெரியும். கொஞ்ச நாளில் அந்தக் கோடு வாய் பிளக்கும். போர்ட்டின் வாய் 8.34 மில்லிமீட்டர், முனையின் அகலம் 8.25. நடுவில் இருப்பது 0.09, ஒரு தலைமுடியின் கனம். வாய் பிளந்த முனையைத் தினமும் அதற்குள் திணித்தால் போனின் போர்ட்டும் விரிந்துவிடும். கேபிளில் மிச்சம் பிடித்த காசு உங்கள் போனிலிருந்து போகிறது.

எந்தக் கேபிளிலும் போர்ட்டே ஆடினால் அதன் கால்கள் போர்டிலிருந்து விட்டிருக்கின்றன. மாற்றும்போது, போர்டைத் துளைத்து மறுபக்கம் வந்து ஈயம் பிடிக்கும் கால்கள் உள்ள போர்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். மேலே ஒட்டிவைக்கும் வகை நிலைக்காது.

ஃபைல் போக ஆயிரம் ஆண்டு ஆகிறது. ஹார்டு டிஸ்க் மாட்டினால் வைஃபை தடுமாறுகிறது

முதலாவது பெரும்பாலும் கேபிளின் குற்றம்கூட இல்லை, பெட்டியின் குற்றம். 480 மெகாபிட் மட்டும் போகும் டைப்-சி கேபிள் தரநிலைப்படி சரியானதுதான். அதன் மேல் 10 ஜிகாபிட் என்று ஒட்டுவதுதான் தவறு. விளக்குகள் எரிந்து எந்தெந்தக் கம்பி உள்ளே இருக்கிறது என்று காட்டும் சோதனைப் பலகை மலிவாகக் கிடைக்கிறது, இரண்டு விநாடியில் உண்மை தெரியும்.

இரண்டாவது கவச வேலை. 5 ஜிகாபிட் யூஎஸ்பி போகும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். இன்டெல் 2012இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறது. கேபிளின் கவச வலையை முனைக் கூட்டோடு சுற்றிலும் ஈயம் வைத்து மூடினால் இரைச்சல் உள்ளேயே அடங்கும். அவசரத்தில் ஒற்றை இழையை முறுக்கி ஒரு புள்ளியில் ஒட்டிவிடுகிறார்கள். கேபிளை மாற்றுங்கள். அதுவரை வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி வையுங்கள்.

புதுக் கேபிள் செருகினதும் சார்ஜர் அணைகிறது, கணினியின் போர்ட் செத்துவிடுகிறது

ஏ முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளில் இது வந்தால் கேபிளை மறுபடி எதிலும் செருகாதீர்கள். இப்படிப்பட்ட கேபிளின் சி முனைக்குள் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். "மறுபுறம் இருப்பது பழைய போர்ட், அளவாக இழு" என்று அது போனிடம் சொல்லும். அந்த இடத்தில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால் சேதி தலைகீழ்: "3 ஆம்பியர் எடுத்துக்கொள்." போன் எடுக்கும். அரை ஆம்பியருக்குச் செய்த கணினி போர்ட் தாங்காது.

கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015இல் கடைகளில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளைச் செருகியதும் அவருடைய க்ரோம்புக் பிக்சல் மடிக்கணினியும் சோதனைக் கருவியும் பழுதாகிவிட்டன. திறந்து பார்த்தால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிவேக டேட்டாக் கம்பிகள் இல்லவே இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கரண்ட் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறி ஈயம் வைக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதமே அமேசான் தரநிலைக்குப் பொருந்தாத டைப்-சி கேபிள்களை விற்கத் தடை போட்டது.

அந்த மூன்றையும் நீங்களே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கேபிளை எதிலும் செருகாமல் சி முனையில் பிரேக்அவுட் போர்டை மாட்டுங்கள். ஏ முனையின் ஓரத்துப் பின்கள் இரண்டில் ஒன்று 5 வோல்ட், மற்றது தரை. 5 வோல்ட் பின்னிலிருந்து சி பக்கத்து வி-பஸ்ஸுக்கு, அதாவது கரண்ட் போகும் பின்னுக்கு, தொடர்ச்சி இருக்க வேண்டும், தரைக்கு இருக்கக் கூடாது. இது முதல் சோதனை. அடுத்து வி-பஸ்ஸுக்கும் சிசிக்கும் நடுவில் ஓம் பாருங்கள்: 56க்குப் பக்கத்தில் வந்தால் சரி, 22 அல்லது 10 வந்தால் கேபிள் பொய் சொல்கிறது. கடைசியாக, அதிவேகக் கேபிள் என்று வாங்கியிருந்தால் அந்தக் கம்பிகளுக்குத் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

தேறாத கேபிளை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். என்றாவது ஒருநாள் அவசரத்தில் வீட்டில் யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள். இரண்டு முனையையும் கத்தரித்துவிட்டு மின்கழிவுப் பெட்டியில் போடுங்கள்.